பந்தலூருக்குப் போகும் டீச்சருக்கு ஒரு பழைய சர்வேயரின் பதில்

பந்தலூர் தாலுகாவில் ஒரு அரசுப் பள்ளிக்கு போஸ்டிங் வந்திருக்கிறது, சொந்த ஊர் விருதுநகர், மேப்பில் பார்த்தால் ஊர்ப் பெயரெல்லாம் பாதி மலையாளமாக இருக்கிறது, அங்கே தமிழ் பேசுவார்களா, ஜனங்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள், "பட்டா இல்லாத ஊர்" என்கிறார்களே அது என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வியாக எழுதியிருந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: இது யாருடைய ஊர்? அதே கேள்வியோடுதான் நானும் அங்கே போய் இறங்கினேன். நிலஅளவைத் துறையில் 31 வருடம் இருந்தேன், அதில் 14 வருடம் கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில். முதல் ஆறு மாதம் மாற்றல் கேட்டு மனு எழுதிக்கொண்டிருந்தவன், கடைசியில் ரிட்டயர் ஆன பிறகும் இறங்கி வரவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நான் சொல்வதில் ரெக்கார்டில் இருப்பது எது, டீக்கடையில் கேட்டது எது, என் சொந்த அபிப்பிராயம் எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன், சர்வேயர் புத்தி.

முதலில் ஊட்டியை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நீலகிரி என்றாலே ஸ்வெட்டர், உருளைக்கிழங்கு, ரோஜாத் தோட்டம் என்று நினைத்து வருகிறவர்கள் கூடலூரில் ஏமாந்துபோவார்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, கூடலூர் சுமார் 1,000 மீட்டர்தான். ஊட்டியிலிருந்து பஸ்ஸில் பைக்காரா, நடுவட்டம் தாண்டி, ஊசிமலைப் பக்கம் வளைந்து வளைந்து இறங்கும்போது காது அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஒரு திருப்பத்தில் கீழே பச்சையாக அலை அலையாய் ஒரு மேட்டுநிலம் விரியும். அது வயநாட்டின் தொடர்ச்சி. நிலவியலாகப் பார்த்தால் நீங்கள் நீலகிரி மலையை விட்டு இறங்கி வயநாட்டுக்குள் வந்துவிட்டீர்கள், மாவட்டம் மட்டும் மாறவில்லை. பாக்கு, மிளகு, காப்பி, பலா, நேந்திரம் வாழை, நடுவே தேயிலை, பள்ளத்தில் வயல். மழையும் கேரள மழைதான், ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை. தினமும் மழை அளவு பார்க்கிறவர்களுக்குத் தெரியும், தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டுப் பட்டியலின் மேலே தேவாலா, பந்தலூர் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். தண்ணீர் போகும் பாதையைப் பாருங்கள்: பாண்டியாறு மேற்கே இறங்கி, புன்னப்புழையாகி, சாலியாற்றில் கலந்து பேப்பூரில் அரபிக்கடலுக்குப் போகிறது. பைக்காரா தண்ணீர் மாயாறாகி கிழக்கே திரும்பி பவானிசாகருக்கு. அந்தப் பாண்டியாற்றை கிழக்கே திருப்பினால் கொங்குநாட்டுக்குத் தண்ணீர் வருமே என்று பாண்டியாறு - புன்னம்புழா திட்டத்தைப் பற்றி 1960களிலிருந்து இரண்டு மாநிலமும் பேசிக்கொண்டே இருக்கின்றன. பேச்சு மட்டும் இன்னும் ஓடுகிறது.

ஊர்ப் பெயர் ஏன் மலையாளமாக இருக்கிறது என்பதற்கு ரெக்கார்ட் இருக்கிறது. இந்தப் பகுதி நீலகிரி மாவட்டத்தில் ஆதியிலிருந்து இல்லை, மலபார் மாவட்டத்து வயநாட்டின் தென்கிழக்கு மூலை. ஓவேலிப் பள்ளத்தாக்கு 1873-ல் நீலகிரிக்கு வந்தது, நம்பாலக்கோடு, சேரங்கோடு, முனநாடு என்ற மூன்று அம்சங்கள் 1877-ல் வந்தன. 'அம்சம்' என்பது மலபாரில் வருவாய்க் கிராமத்துக்குச் சொல்லும் பெயர். வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களுக்கு கோழிக்கோட்டை விட ஊட்டி வசதி, அவ்வளவுதான் காரணம் என்பது என் ஊகம், அடித்துச் சொல்லமாட்டேன். 'கூடலூர்' என்றால் மூன்று மாநிலமும் கூடும் இடம் என்று ஆட்டோ டிரைவர் உங்களுக்குச் சொல்வார். மாநிலங்கள் பிரிந்தது 1956-ல், ஊருக்குப் பெயர் அதற்கு ரொம்ப முன்பே இருக்கிறது, அதனால் அது நல்ல கதை மட்டும். ஓவேலி என்பது நிச்சயமாகத் தெரியும்: அங்கே காப்பித் தோட்டம் போட்ட ஆக்டர்லோனி என்ற வெள்ளைக்காரர் பெயரில் இருந்த 'வேலி', பள்ளத்தாக்கு என்ற ஆங்கிலச் சொல், நம் வாயில் தேய்ந்து ஓவேலி ஆனது. வேலி கட்டியதால் வந்த பெயர் என்று உங்கள் பிள்ளைகள் எழுதினால் அரை மதிப்பெண் கொடுங்கள், பாவம்.

இதில் ஒரு கிளைக்கதை. 1879-80-ல் பிரவ் ஸ்மித் என்ற ஆஸ்திரேலியச் சுரங்க நிபுணர் வந்து தேவாலா, பந்தலூர் பாறைகளைப் பார்த்துவிட்டு தங்கம் இருக்கிறது என்று அறிக்கை கொடுக்க, லண்டனில் கம்பெனி கம்பெனியாகத் தொடங்கிப் பங்கு விற்றார்கள். இந்தக் காட்டு மூலைக்கு இயந்திரம் எல்லாம் வந்தது. சில வருடத்தில் எல்லாம் மூழ்கியது. தங்கம் இல்லாமல் இல்லை, எடுக்கிற செலவுக்குக் கட்டவில்லை. தேவாலாப் பக்கம் இன்றைக்கும் பழைய குழிகளில் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மண் சரிந்து செத்தவர்களும் உண்டு. பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மனிதர்கள். முதல் நாள் வருகைப் பதிவேட்டில் பெயர் வாசிக்கும்போதே உங்களுக்குப் புரிந்துவிடும். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர், இவர்கள்தான் ஆதிக்குடிகள். எல்லோரையும் 'ஆதிவாசிப் பிள்ளைகள்' என்று ஒரே பெட்டியில் போட்டுவிடாதீர்கள், ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. காட்டுநாயக்கர் பேச்சில் கன்னடம் தெரியும், பணியர் பேச்சு மலையாளத்துக்குப் பக்கம். முள்ளுக்குறும்பருக்கு வயல் உண்டு, வில் உண்டு, தோரணை உண்டு. காட்டுநாயக்கர் தேன் எடுப்பவர்கள். பணியர் கதை வேறு. வயல்காரர்களிடம் தலைமுறை தலைமுறையாக ஆளோடு நிலம் என்ற கணக்கில் அடிமையாக இருந்தவர்கள். மானந்தவாடிக்குப் பக்கத்தில் வள்ளியூர்க்காவு கோயில் திருவிழாவில் வருடத்துக்கு வருடம் அவர்களை ஆள் பிடித்து ஒப்பந்தம் போட்டது பதிவாகி இருக்கிற வரலாறு. அந்தப் பிள்ளை வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தால் அதற்குப் பின்னால் இத்தனை இருக்கிறது. 1980களின் பின்பாதியில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் வந்து நில உரிமை கேட்டு ஊர்வலம் போனது, அவர்களுக்கென்றே கூடலூரில் ஒரு ஆஸ்பத்திரி வந்தது, அந்தச் சமூகத்துப் பெண்களே நர்ஸாகி வேலை பார்க்கிறார்கள். அந்த ஊர்வலத்துக்கு முன்னும் பின்னும் நிலம் அளக்கப் போன அனுபவம் எனக்கு உண்டு. முன்பு நான் செயின் இழுக்கும்போது தள்ளி நின்று பார்ப்பார்கள். பிற்பாடு பக்கத்தில் வந்து நின்று, "எங்கே கல் போடுகிறாய்?" என்று கேட்டார்கள்.

அடுத்து மவுண்டாடன் செட்டி, வயநாடன் செட்டி. பெயரைப் பார்த்து காரைக்குடி என்று நினைக்காதீர்கள், இவர்கள் பழைய நெல் விவசாயிகள். புரட்டாசி, ஐப்பசி வாக்கில் புத்தூர்வயலில் பூப்புத்தரி என்று புதுக்கதிர் அறுக்கிற திருவிழா நடக்கும், செட்டி, குறும்பர், பணியர் எல்லோருக்கும் அதில் பங்கு, கதிர் நம்பாலக்கோட்டை கோயிலுக்குப் போகும். அப்புறம் மலையாளிகள்: ஏறநாட்டு மாப்பிள்ளைமார், திருவிதாங்கூரிலிருந்து மலையேறி வந்த கிறிஸ்தவக் குடியேற்றக்காரர்கள். எருமாடு, அய்யன்கொல்லி, தாளூர் பக்கம் போனால் சர்ச், மசூதி, ரப்பர் செருப்பு, கட்டன் சாயா எல்லாம் அந்த வாசனைதான். பிறகு வந்தவர்கள் இலங்கையின் மலையகத் தமிழர்கள், வெள்ளைக்காரர் காலத்தில் இங்கிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள். உள்ளூரில் 'தாயகம் திரும்பியோர்' என்பார்கள். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. கண்டி, நுவரெலியா, பதுளையில் கொழுந்து கிள்ளியவர்களுக்கு வேலை கொடுக்க அரசு 1968-ல் தேயிலைத் திட்டம் தொடங்கியது, அதுதான் பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம். சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம், பாண்டியார் என்று டிவிஷன்கள். உங்கள் வகுப்பில் அழுத்தம் திருத்தமாகத் தமிழ் பேசுகிற பிள்ளை பெரும்பாலும் இந்த வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கும்.

ஆக, தமிழ் பேசுவார்களா என்றால், பேசுவார்கள். ஒரு கடையில் நின்றால் பத்து நிமிஷத்தில் நாலு மொழி காதில் விழும், யாரும் அதை ஒரு விசேஷமாக நினைப்பதில்லை. மாவட்டத்துக்கே ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை. தாளூரில் கேரள எல்லை என்பது ஒரு சோதனைச் சாவடிதான். இந்தப் பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டு அந்தப் பக்கம் போய் மீன் வாங்கிக்கொண்டு வருவார்கள். 2020-ல் கொரோனாவுக்காக அந்தச் சாவடியை மூடியபோதுதான் அது எல்லை என்பதே பலருக்கு உறைத்தது. பெண் எடுத்தது சுல்தான் பத்தேரியில், தோட்டம் இருப்பது இங்கே, நடுவில் போலீஸ். உடம்புக்கு முடியவில்லை என்றால் பந்தலூர்க்காரர் முதலில் பார்ப்பது பத்தேரி, மேப்பாடி, பெரிந்தல்மண்ணா, கோழிக்கோடு. ஊட்டியில் 2025-ல் 700 படுக்கையோடு பெரிய மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திறந்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் இடுப்பு வலி எடுத்த பெண்ணை மழைக்காலத்து ராத்திரியில் நடுவட்டம் ஏற்றிக் கொண்டுபோக எந்த டிரைவரும் யோசிப்பார். 2024 ஜூலை 30-ல் வயநாட்டு முண்டக்கை, சூரல்மலையில் மண் சரிந்தபோது பந்தலூர்ப் பக்கம் துக்கம் விழுந்ததும் இதனால்தான். சேரம்பாடியிலிருந்து சோலாடி வழியாக அது பக்கத்து ஊர், வேலைக்கும் உறவுக்கும் போய் வருகிற இடம்.

இப்போது பட்டா. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், என் சர்வீஸ் முழுக்க இதில்தான் போனது. இந்த நிலமெல்லாம் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்மம், அதாவது பரம்பரைச் சொத்து, அப்படி வைத்திருப்பவர் ஜென்மி. ராஜா குடும்பம் கம்பெனிகளுக்கு நீண்ட கால குத்தகைக்கு விட்டது, விவசாயிகளுக்கு விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு விட்டது, மீதி காடு. கேரளத்தில் ஜென்மி முறையை ஒழித்த காலத்திலேயே இங்கும் 1969-ல் கூடலூர் ஜென்ம எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது, சுமார் 80 ஆயிரம் ஏக்கர். தோட்டக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1972-ல் உச்ச நீதிமன்றம் காட்டு நிலம் பற்றிய பகுதியை அடித்தது, உடனே பார்லிமெண்ட் 1974-ல் சட்டத்தை அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில், கோர்ட் கைவைக்காமல் காப்பாற்றும் பட்டியலில், கொண்டுபோய் வைத்தது, அந்த வருடம் நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அப்படி ஒளித்து வைக்கலாமா என்ற கேள்வி மட்டும் நடந்து நடந்து 2007-ல் ஒன்பது நீதிபதிகள் முன்னால் போய் நின்றது. கோயல்ஹோ வழக்கு என்று சட்டம் படிக்கிறவர்கள் எல்லோரும் படிப்பார்கள். 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும் கோர்ட் பார்க்கலாம் என்று தீர்ப்பு. அதோடு விட்டதா? கூடலூரில் மரம் வெட்டுகிறார்கள் என்று அதே நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் போட்ட வழக்கில்தான், சொந்தக்காரர் யாராக இருந்தாலும் காடு மாதிரி இருந்தால் காடுதான் என்று 1996 டிசம்பரில் இந்தியா முழுமைக்கும் உத்தரவு வந்தது. கவனியுங்கள் டீச்சர், இந்தச் சின்ன தாலுகா நாட்டுக்கே இரண்டு பெரிய தீர்ப்பு கொடுத்திருக்கிறது. இங்கே இருப்பவருக்கு ஒரு பட்டா கிடைக்கவில்லை.

ஏன் என்றால், சட்டப்படி ஜென்மியோ குத்தகைக்காரரோ நேரடியாகப் பயிர் செய்த நிலத்துக்குப் பட்டா உண்டு. தோட்டத்துக்கென்று நீண்ட குத்தகைக்கு விட்ட நிலம் பிரிவு 17-ல் வரும், அது முடிவாகாமல் தொங்கியது. கம்பெனி நட்டது போக மீதி இருந்த இடத்தில் ஜனங்கள் ஏறினார்கள். மலையாளிகள், தாயகம் திரும்பியோர், டான்டீயில் வேலை கிடைக்காதவர்கள் எல்லோரும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை. இன்றைக்கு மூன்றாவது தலைமுறை அங்கே இருக்கிறது. வருவாய்த் துறைக்கு அது பிரிவு 17, வனத்துறைக்கு காடு, கம்பெனிக்கு ஆக்கிரமிப்பு, இருப்பவருக்கு வீடு. பட்டா இல்லாததால் வங்கிக் கடன் இல்லை, பல வருடம் கரண்ட் இல்லாமல் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகள் உண்டு, விற்பது வாங்குவது எல்லாம் வெள்ளைத்தாளில். ஓவேலியில் ஒரு பெரியவர், என் அப்பா வயது இருக்கும், நான் அளக்கப் போனபோது பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து இலங்கையிலிருந்து வந்தபோது மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை எடுத்தார். மடிப்பில் கிழிந்து, பின்புறம் செல்லோடேப் ஒட்டியிருந்தது. "இதைக் கொடுத்த கவர்மெண்டும் நீங்க வந்திருக்கிற கவர்மெண்டும் ஒன்னுதானேய்யா?" என்றார். நான் புல வரைபடத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், காடு அழிந்தது உண்மை, நானே கண்ணால் பார்த்தேன். சோலையை வெட்டித் தேயிலை நட்ட இடங்களைக் கைகாட்ட முடியும், அதில் ஏழைகள் மட்டும் இல்லை, சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஆள் வைத்து வெட்டியவர்களும் இருந்தார்கள். இரண்டு பேரையும் ஒரே நோட்டீஸில் சேர்த்ததுதான் தப்பு என்பது என் அபிப்பிராயம். வனத்துறை நண்பர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கும் காரணம் இருக்கிறது.

பிழைப்பு பற்றிச் சொல்கிறேன். தேயிலைதான் எல்லாம். காலையில் எட்டு மணிக்குள் கொழுந்து கிள்ள இறங்கிவிடுவார்கள், மதியத்துக்கு மேல் ரோட்டோரம் நைலான் சாக்குகளோடு லாரிக்கு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். எடை போடும் பையன் கொக்கித் தராசில் சாக்கை மாட்டி, முள் நிற்பதற்குள் நோட்டில் எழுதி, ஈரத்துக்கு இத்தனை கிலோ கழிவு என்று அடிப்பான். மழை நாளில் அந்தக் கழிவுக்குத்தான் சண்டையே. நாலு, நாலரை கிலோ பச்சை இலையில் ஒரு கிலோ தூள் வரும், விலை ஏலத்தில் தூளுக்குக் கிடைப்பதை வைத்து மாதம் ஒருமுறை தேயிலை வாரியம் சொல்லும். சாலீஸ்பரி, பந்தலூர், பிதர்காடு என்று கூட்டுறவுத் தொழிற்சாலைகளும் உண்டு, தனியாரும் உண்டு. 1990களின் கடைசியில் விலை விழுந்தபோது நிறையப் பேர் எழுந்திருக்கவே இல்லை. இளைஞர்கள் திருப்பூர், கோயம்புத்தூர், எர்ணாகுளம் போய்விட்டார்கள், எஸ்டேட்டில் கிள்ளுவதற்கு ஜார்க்கண்ட், அசாமிலிருந்து குடும்பமாக வந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளும் உங்கள் பள்ளிக்கு வரலாம், அப்போது ஐந்தாவது மொழி. டான்டீயும் நஷ்டத்தில் சுருங்கி, நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க 2022-ல் உத்தரவானது. இலங்கையிலிருந்து வந்து நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் லயத்து வீட்டை, அதாவது எஸ்டேட் வரிசை வீட்டை, காலி செய்வதா என்று நிற்கிறார்கள். வயலைப் பொறுத்தவரை, நெல்லுக்குக் கூலி கட்டாமல் இஞ்சிக்கும் வாழைக்கும் குத்தகைக்கு விட்டாயிற்று.

யானை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லாமல் விட்டால் தப்பு. முதுமலை ஒரு பக்கம், பந்திப்பூர், முத்தங்கா, நிலம்பூர் காடு மற்ற பக்கம், நடுவில் தோட்டமும் வீடும். பலாப்பழ சீசனில் வீட்டு வாசலுக்கே வரும். பழம் பழுக்கும் முன்பே காயை வெட்டிப் போடச் சொல்லி வனத்துறை கெஞ்சும். ரேஷன் அரிசிக்காக வீட்டுச் சுவரை உடைத்த ஒரு மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண் யானையை, 2022 டிசம்பரில் பந்தலூரில் பிடித்து முதுமலைக்குள் கொண்டுபோய் விட்டார்கள். அது காடு வழியாகவே நடந்து அடுத்த மாதம் சுல்தான் பத்தேரி பஜாரில் போய் நின்றது, கேரளக்காரர்கள் மறுபடி பிடித்தார்கள். முதுமலைக்கு உள்ளேயே வயல் வைத்திருந்த பென்னை, நெல்லிக்கரை மாதிரி ஊர்க்காரர்களுக்கு குடும்பத்துக்கு 10 லட்சம் கணக்கில் கொடுத்து வெளியே கொண்டுவந்தார்கள். போனவர்களில் சந்தோஷமாக இருப்பவர்களும் உண்டு, பழைய வயலை நினைத்துப் புலம்புகிறவர்களும் உண்டு, இரண்டையும் கேட்டிருக்கிறேன்.

உங்கள் பள்ளி எந்த மூலையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் வீடு எங்கே எடுப்பது என்பதில் நான் வாய் வைக்கமாட்டேன், ஹெட்மாஸ்டரிடம் கேளுங்கள். பொதுவாகச் சில விஷயம். சாயங்காலம் ஆறுக்கு மேல் எஸ்டேட் ரோட்டில் தனியாக நடக்காதீர்கள், நாய் குரைப்பு திடீரென்று நின்றால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். தினமும் வரும் ஜீப்புக்காரர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பந்திப்பூர் வழி ராத்திரி ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடியிருக்கும், மைசூர் போய்த் திரும்பினால் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். குடை பெரிதாக வாங்குங்கள், ஊட்டிக்கு வாங்குகிற ஸ்வெட்டர் வேண்டாம். ஜூனில் சேர்ந்தால் அட்டை கடிக்கும். பிய்த்து இழுக்காதீர்கள், ஒரு துணியில் உப்பு முடிந்து கைப்பையில் வைத்திருந்து காலில் ஒற்றினால் தானே விழுந்துவிடும். பிள்ளைகள் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள், எனக்கும் ஒரு பணியர் வீட்டுப் பையன்தான் சொல்லிக் கொடுத்தான்.